மடக்கி உழ வேண்டாம், மண்மேல் கிடக்கட்டும்: மானாவாரி உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்



உங்களில் பலர் வாடகை இயந்திர மையம் நடத்துகிறீர்கள். அந்த மையங்களிலிருந்து அதிகம் வெளியே போகும் கருவி ரோட்டாவேட்டர்தான். ஒரே ஓட்டில் மண்ணை மாவாக்கிவிடுகிறது, டீசல் மிச்சம், விதைப்புக்கு நிலம் அன்றே தயார் என்று உறுப்பினர்கள் அதையே கேட்கிறார்கள். இன்னொரு பக்கம், தமிழ்நாடு அரசு 2024இல் தொடங்கிய ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் தக்கைப்பூண்டு, சணப்பை போன்ற பசுந்தாள் உர விதைகள் மானியத்தில் கிடைக்கின்றன. விதைத்து, பூக்கும் தறுவாயில் அதே ரோட்டாவேட்டரை விட்டு மடக்கி உழுகிறோம். பசுந்தாள் என்றாலே மடக்கி உழுவது என்று ஆகிவிட்டது. நஞ்சை நெல்லுக்கு அது சரியான முறை. அதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் மழையை நம்பிய செம்மண் புஞ்சையில், பாடுபட்டு வளர்த்த பயிரின் பெரும்பயனை அந்தக் கடைசி உழவே தின்றுவிடுகிறது. அங்கே மூடுபயிரை வெட்டியோ மடித்தோ மண்மேலேயே போட்டுவிடுங்கள், உழவைக் குறைப்பதை அதற்குப் பிறகு வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். முதலில் மூடாக்கு, அடுத்துத்தான் உழவுக் குறைப்பு. இந்த வரிசை மாறினால் நட்டம் வரும் என்பதற்கும் சான்று இருக்கிறது.

வெப்பத்திலிருந்து தொடங்குகிறேன். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜென்கின்சன், நைஜீரியாவில் பணியாற்றிய அயனாபா என்னும் இருவர் 1977இல் வெளியிட்ட ஒரு சோதனை எளிமையானது. கதிரியக்கக் கார்பனால் அடையாளமிட்ட ஒரே வகைப் புல்லை இங்கிலாந்து மண்ணிலும் நைஜீரியாவின் இபடான் மண்ணிலும் கலந்து, எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். மட்கும் போக்கு இரண்டிலும் ஒன்றுதான். வேகம் மட்டும் இபடானில் நான்கு மடங்கு. குளிர்நாட்டு மண் நான்கு ஆண்டுகளில் செலவழிப்பதை வெப்பமண்டல மண் ஓராண்டில் செலவழித்துவிடுகிறது. இந்திய மண்களில் கரிமப்பொருள் ஏன் இவ்வளவு குறைவு என்று மண்ணியலாளர்கள் ஹான்ஸ் ஜென்னியும் ராய்சௌதுரியும் ஆராய்ந்து 1960இல் வெளியிட்ட நூலும் வெப்பத்தையும் இடைவிடாத சாகுபடியையுமே காரணமாகச் சுட்டியது. உழவு இந்த அடுப்பை ஊதிவிடும் குழல். மண்கட்டிகளுக்குள் நுண்ணுயிர் எட்டாமல் பொதிந்து கிடக்கும் மட்கை, கட்டியை உடைத்து, காற்றைப் புகுத்தி, நுண்ணுயிரின் வாய்க்கு நேரே கொண்டு வைக்கிறது. ஒன்பது கொத்துக் கலப்பை கட்டிகளைக் கிளறுகிறது, ஓரளவு உடைக்கிறது. ரோட்டாவேட்டரோ அவற்றைத் தூளாக்கியே விடுகிறது.

இதைக் கேட்டதும் உங்களில் சிலருக்குத் திருக்குறள் நினைவுக்கு வரும். ஒரு பலப் புழுதி காற்பலம் ஆகும்வரை உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறது உழவு அதிகாரத்துக் குறள் ஒன்று. பொய்யான கூற்று இல்லை அது. கென்யாவில் 1950களில் ஆராய்ந்த பர்ச் என்பவர், நன்றாகக் காய்ந்த மண் முதல் மழையில் நனையும்போது நுண்ணுயிர்ச் செயல் திடீரென்று பொங்கி எழுவதையும், பயிருக்கு உதவும் தழைச்சத்து அப்போது வெளிப்படுவதையும் அளந்து காட்டினார். உழுது காயவிட்ட நிலத்தில் முதல் பயிர் கருகருவென்று எழுவது இதனால்தான். அந்தத் தழைச்சத்து வந்தது எங்கிருந்து என்பதுதான் நமக்கு முக்கியம். மண்ணில் பல ஆண்டு சேர்ந்த மட்கிலிருந்து வந்தது அது. கையிருப்பு நிறைய இருந்த காலத்தில் எடுத்துச் செலவு செய்ய முடிந்தது. கரிமக் கார்பன் 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மண் ஆய்வில் ‘குறைவு’ என்று எழுதுவார்கள். நம் புஞ்சை மண்களில் அந்தச் சொல்லைப் பார்க்காத உழவர் குறைவு. இருப்பே இல்லாத இடத்தில் காய்ச்சலும் பாய்ச்சலும் எதைக் கொடுக்கும்? அடுத்த குறளே உழுவதைவிட எருவிடுவது நல்லது என்று சொல்லிவிடுகிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கரிமத்தைவிட உடனடியான இழப்பு மழைநீரில் இருக்கிறது. பெரிய மழைத்துளி நொடிக்கு ஏறத்தாழ ஒன்பது மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. வெறும் செம்மண்ணில் அது கட்டியை உடைக்கிறது. பிரிந்த நுண்துகள் மண்ணின் துளைகளை அடைக்கிறது. வெயில் வந்ததும் மேலே ஓடு கட்டுகிறது. முளைத்த விதை அந்த ஓட்டை முட்டிப் பிளக்க முடியாமல் சாவதையும், அடுத்த மழை உள்ளே இறங்காமல் வரப்பைத் தாண்டுவதையும் நீங்கள் பார்த்தே வருகிறீர்கள். ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் வேளாண் ஆய்வு நிலையத்தில், இறுகும் தன்மையுள்ள செம்மண்ணில் இதைப் பல ஆண்டு சோதித்தார்கள். உழாத நிலம், 10 சென்டிமீட்டர் உழுத நிலம், 20 சென்டிமீட்டர் உழுத நிலம் என மூன்று. ஒவ்வொன்றிலும் மேலே ஒன்றும் போடாமல், தொழுவுரம் இட்டு, எக்டேருக்கு 5 டன் வைக்கோல் பரப்பி என மூன்று. உழுததன் பயன் ஏறத்தாழ இருபது நாள் தெரிந்தது; அதுவரை வழிந்தோட்டம் குறைந்தது. அதன் பிறகு பருவம் முடியும்வரை உழுத நிலத்திலிருந்துதான் உழாத நிலத்தைவிட அதிக நீர் ஓடியது, உழவு கட்டிகளைக் குலைத்துவிட்டதால். சராசரியாக உழவு ஆண்டுக்கு 26 மில்லிமீட்டர் மழையைக் கூடுதலாக மண்ணுக்குள் இறக்கியது. வைக்கோல் மூடாக்கு இறக்கியது 127 மில்லிமீட்டர். ஏக்கருக்குக் கணக்கிட்டால் ஐந்து லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது. மானாவாரியில் ஒரு பயிர் பூக்கும் நேரத்தில் மழை பதினைந்து நாள் தள்ளிப்போனால், தாங்குமா கருகுமா என்பதை முடிவு செய்யும் அளவு அது. உழவர் உழுவதே மழையை உள்வாங்கத்தான் என்றால், அதே வேலையை ஐந்து மடங்கு நன்றாகச் செய்வது தரைமேல் கிடக்கும் சருகு.

இவ்வளவும் படித்துவிட்டு, சரி, நாளையிலிருந்து உழவை நிறுத்திவிடுவோம் என்று யாராவது முடிவெடுத்தால் அது பெரிய தவறாகிவிடும். உழாச் சாகுபடி குறித்து உலகெங்கும் நடந்த 610 ஆய்வுகளைத் தொகுத்து ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வின் முடிவு, உழாமல் விட்டால் சராசரியாக விளைச்சல் 5.7 விழுக்காடு குறைகிறது என்பதே. வறண்ட வட்டாரத்து மானாவாரியில், பயிர்க்கழிவை நிலத்திலேயே விட்டு, பயிர்ச்சுழற்சியும் செய்த இடங்களில் மட்டும் படம் மாறுகிறது: 7.3 விழுக்காடு கூடுகிறது. நம் புஞ்சைக்கு நேராகப் பொருந்தும் வரி அது. ஆனால் அந்த ‘கழிவை விட்டு’ என்ற நிபந்தனையைக் கழற்றிவிட்டால் ஆதாயம் போய்விடும். வெறும் செம்மண்ணை உழாமல் விட்டால் மேலே ஓடு, கீழே இறுக்கம், நடுவில் களை. ஆப்பிரிக்காவின் சிறு உழவர்களிடம் இந்த முறையைக் கொண்டுபோனவர்கள் உழாமையை முதலில் சொல்லி, மூடாக்குக்கு வழி காட்டாமல் விட்ட இடங்களில் இதுதான் நடந்தது. கழிவெல்லாம் மாட்டுக்குப் போகும் ஊரில் உழாமை மட்டும் என்ன செய்யும் என்று வேளாண் ஆய்வாளர் கென் கில்லரும் உடன் எழுதியவர்களும் 2009இல் எழுப்பிய கேள்வி இன்றும் நியாயமானதே. உழாச் சாகுபடியால் மண்ணில் கரிமம் மலைபோல் சேரும் என்ற விளம்பரத்தையும் நம்பாதீர்கள். அப்படிச் சேரும் கரிமத்தில் பெரும்பகுதி, கீழே இருக்க வேண்டியது மேலடுக்கில் குவிவதுதான் என்று மண் ஆய்வாளர் பவுல்சன் உள்ளிட்டோர் 2014இல் காட்டியிருக்கிறார்கள். மேலடுக்கில் குவிவதும் நமக்கு நல்லதுதான், ஓடு கட்டுவதை அதுதான் தடுக்கும். ஆனால் கார்பன் வரவு வைத்துப் பணம் தருகிறேன் என்று வருபவர்களிடம் உங்கள் நிறுவனம் கையெழுத்திடும் முன் இதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பிரேசிலில் உழாச் சாகுபடி வென்றதற்கும் மூடாக்குதான் காரணம். பரானா மாநிலத்தின் ரோலாந்தியாவில் ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்ற உழவர், மண் அரிப்பு தாங்காமல் 1972இல் உழவை விட்டார். அது பரவியது, இரண்டு பயிருக்கு இடையில் மூடுபயிர் வளர்த்து, கத்தி பதித்த உருளையை உருட்டித் தண்டுகளை நசுக்கிச் சாய்த்து, அந்தப் படுகைக்குள்ளேயே விதைக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான். இன்னும் வெப்பமான செராடோ சமவெளியில் அவர்கள் பெரும்பரப்பில் விதைக்கும் மூடுபயிர்களில் ஒன்று, நமக்கு நன்றாகத் தெரிந்த கம்பு. பயறுவகை மட்டும் போட்டால் வெப்பத்தில் சீக்கிரம் கரைந்துவிடுகிறது. கம்பின் தட்டை நின்று மூடுகிறது. சணப்பை போன்ற இளம் பயறுவகைத் தழையில் கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ இருபதுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும், தானியத் தட்டையில் அது அறுபது எழுபதுக்கு ஒன்று. ஆகவே மானாவாரிக்குச் சணப்பையோடும் தட்டைப்பயறோடும் கம்பையோ சோளத்தையோ கலந்து விதைப்பதே பொருத்தம். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் வழி வந்தவர்கள் செய்யும் பலதானிய விதைப்பு இந்தக் கலப்பைச் சரியாகவே பிடித்திருக்கிறது. நான் மாற்றச் சொல்வது அதன் முடிவை. மடக்கி உழுதால் தழை முழுதும் ஈரமும் நுண்ணுயிரும் சூழ மண்ணுக்குள் போய் விரைந்து கரைகிறது. மேலே கிடந்தால் மெல்லக் கரைகிறது. அதுவரை வெயிலையும் மழையடியையும் தாங்குகிறது. வேர்களோ கீழே இருந்த இடத்திலேயே மட்கி, நீர் இறங்கும் துளைகளை விட்டுப்போகின்றன. ரோட்டாவேட்டர் அந்தத் துளைகளையும் அழித்துவிடும்.

மேலே போட்டால் மண் ஆய்வு அட்டையில் கரிமம் உயருமா என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கரின் மேல் 15 சென்டிமீட்டர் மண் சுமார் 850 டன். அதில் 0.1 விழுக்காடு கரிமம் என்பது 850 கிலோ. ஏக்கருக்கு எட்டு டன் பசுந்தழை கிடைத்தால், காய்ந்த எடை ஒன்றரை டன்னை ஒட்டி வரும். அதில் கரிமம் 600, 700 கிலோ. நம் வெப்பத்தில் ஓராண்டுக்குப் பிறகு அதில் ஏழில் ஒரு பங்கு மிஞ்சினாலே நல்லது. அதாவது ஒரு பருவத்துக்கு நூறு கிலோ. அட்டையில் 0.1 ஏற எட்டு, ஒன்பது ஆண்டுகள் ஆகும், இடையில் இழப்பு இல்லாவிட்டால். மழை குறைந்த ஆண்டில் தழை பாதியாகும். ஆகவே கரிம விழுக்காட்டைக் காட்டி உறுப்பினர்களிடம் வாக்குறுதி தராதீர்கள். மூன்றாம் ஆண்டில் அவர்கள் கேட்கும் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. நீர் இறங்கும் வேகம், ஓடு கட்டாமை, மண்புழு, நடுப்பகலில் மண்ணின் சூடு ஆகியவை அந்த எண்ணுக்கு வெகுமுன்பே மாறிவிடும். அவற்றைக் காட்டுங்கள்.

இனி எதிர்வாதங்கள். முதலாவதும் வலுவானதும் தண்ணீர் பற்றியது. முதன்மைப் பயிருக்கே மழை போதாத இடத்தில் மூடுபயிர் ஈரத்தைக் குடித்துவிடாதா? குடிக்கும். ஆகவே எந்த மழையில் வளர்க்கிறோம் என்பதுதான் கேள்வி. சித்திரை, வைகாசியில் பெய்யும் கோடை மழையை வெறும் நிலம் பெரும்பாலும் ஆவியாக விட்டுவிடுகிறது. அந்த ஈரத்தில் வளர்த்து, முதன்மை விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வெட்டிப் போட்டால், இடையில் வரும் மழையில் பெரும்பகுதி மூடாக்கின் கீழ் சேமிப்பாகிறது. புரட்டாசியில் விதைக்கும் தென்மாவட்டங்களுக்கு இந்த இடைவெளி தாராளம். ஆடிப்பட்டம் விதைக்கும் சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கம் அது குறுகல். ஆனியிலேயே வெட்டிவிட வேண்டும், பூத்ததா என்று காத்திருக்கக் கூடாது. கோடை மழை பொய்த்த ஆண்டில் விதைக்காமல் விடுவதே அறிவு. அந்த ஆடிப்பட்ட ஊர்களில் மார்கழி, தையில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலும் எழும் கொள்ளு இருக்கிறது. ஆண்டு மழை 500 மில்லிமீட்டர்கூடத் தேறாத ஊர்களில் தனி மூடுபயிரை நான் பரிந்துரைக்க மாட்டேன். சோளத்துக்கும் துவரைக்கும் இடையில் தட்டைப்பயறோ நரிப்பயறோ ஊடுபயிராகப் படர்வதே அவற்றுக்குப் போதும்.

அடுத்தது தீவனம். சோளத்தட்டையும் கடலைக்கொடியும் மாட்டுக்கு வேண்டும், அவற்றை நிலத்தில் விடச் சொல்வது ஏழை உழவரிடம் பேசும் பேச்சில்லை. இதை முழுதாக ஏற்கிறேன். அதனால்தான் அறுவடைக் கழிவைக் கேட்காமல், தனியாக வளர்க்கும் பயிரைக் கேட்கிறேன். சோளத்தட்டையை அடியிலிருந்து அறுக்காமல் ஒரு முழம் விட்டு அறுப்பதால் மாடு பட்டினி கிடக்காது. ஆடுமாடு அதிகம் விரும்பாத, ஒருமுறை விதைத்தால் தானாக விழுந்து முளைக்கும் கொழுஞ்சி, மேய்ச்சல் உள்ள செம்மண் ஊர்களுக்கென்றே அமைந்த பயிர். முதல் ஆண்டு மெல்ல வளர்வதையும், விதையின் கெட்டித்தோல் கீறப்பட மணலோடு தேய்த்து விதைக்க வேண்டியிருப்பதையும் காரணமாக்கி அதைக் கைவிட்டது நமக்குத்தான் நட்டம்.

களை மூன்றாவது. உழவு களையைக் கொல்கிறது; உழாவிட்டால் களைக்கொல்லி அடிக்க வேண்டும், பிரேசில் அதைத்தான் செய்கிறது என்பார்கள். பிரேசில் செய்வது உண்மை, அது நமக்கு முன்மாதிரி ஆக வேண்டியதில்லை. இரண்டு அங்குலக் கனத்துக்கு மூடாக்கு உள்ள இடத்தில் விதையிலிருந்து முளைக்கும் களை பெருமளவு அடங்கும். கோரையும் அறுகும் அடங்காது, கிழங்கிலிருந்தும் நிலத்தடித் தண்டிலிருந்தும் துளைத்துக்கொண்டு வரும். அவை மண்டிய நிலத்தில் ஒரு கோடை உழவு போட்டு, கிழங்கையும் தண்டையும் வெயிலில் காயவைத்த பிறகே தொடங்க வேண்டும். ரோட்டாவேட்டரை மட்டும் அங்கே விடாதீர்கள். ஒரு தண்டைப் பத்துத் துண்டாக நறுக்கிப் பத்து இடத்தில் நட்டுவிடும். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் 1980களின் இறுதியில் பூனைக்காலியை மூடுபயிராக ஆயிரக்கணக்கான உழவர்கள் ஏற்றார்கள். மண்வளத்துக்காக அதைக் கொண்டுபோனவர்கள் ஆய்வாளர்கள். உழவர்கள் எடுத்துக்கொண்டதோ இம்பரேட்டா என்னும் முரட்டுப் புல்லை அது அடக்கியதால். ஆனால் அதன் விதை அன்றாட உணவாகவில்லை, நிலையான சந்தையும் அதற்கு அமையவில்லை; ஆர்வம் தணிந்தது. உங்களைப் போன்ற நிறுவனம் கவனிக்க வேண்டிய இடம் இது. மூடுபயிர் விதையை உறுப்பினர்களிடமே உற்பத்தி செய்து விலைக்கு வாங்கி, அடுத்த ஊருக்கு விற்க உங்களால் முடியும்.

உழாமல் பயிர் எழாது என்பாருக்குக் காவிரிப் படுகையைத்தான் காட்ட வேண்டும். நெல் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தையும் பாசிப்பயறையும் மெழுகுபதத்தில் தெளித்துவிட்டு, ஒரு சால்கூட ஓட்டாமல், மிஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே காய் பறிப்பது அங்கே தலைமுறை தலைமுறையாக வந்த முறை. மண்ணும் ஈரமும் பதமும் தெரிந்தால் உழாமலும் விளையும் என்பதற்கு அது போதும். அதற்காக எல்லா உழவையும் நான் ஒதுக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் டிராக்டர் சக்கரமும் ரோட்டாவேட்டரும் சேர்ந்து கீழே இறுக்கிவைத்த பாளத்தை வேர் ஒன்றே உடைக்காது. மூன்றாண்டுக்கு ஒருமுறை உளிக்கலப்பை ஓட்டித்தான் ஆக வேண்டும், ஓட்டிய கையோடு ஆழவேர்ப் பயிரான துவரையோ சணப்பையோ விதைக்க வேண்டும். தானே வெடித்துத் தானே மூடிக்கொள்ளும் கரிசல் மண்ணுக்கு நான் சொல்வது இதே வலுவோடு பொருந்தாது. நிலக்கடலை போடுபவருக்கு அறுவடையே ஓர் உழவுதான், அதைத் தவிர்க்க வழியில்லை. கடலைக்கு அடுத்து நிலம் வெறுமையாகக் கிடக்காமல் கொள்ளு விதைப்பதும், அடுத்த ஆண்டு கம்புக்கோ சோளத்துக்கோ மாறுவதும் அவருக்கு முடிந்த அளவு.

ஆகவே உங்கள் அடுத்த பொதுக்குழுவில் மூன்று ஏற்பாடுகளைப் பரிசீலியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு ரோட்டாவேட்டருக்கு ஒதுக்கியிருக்கும் பணத்தில் ஓர் உளிக்கலப்பையும், உள்ளூர்ப் பட்டறையிலேயே அடித்துக்கொள்ளக்கூடிய கத்தி பதித்த உருளை ஒன்றும், சருகுக்குள் கீறி விதைக்கும் கருவி ஒன்றும் வாங்கிப் பாருங்கள். ஊருக்கு ஐந்தாறு உறுப்பினர்கள், ஆளுக்கு அரை ஏக்கர் மட்டும் மூடாக்கு முறைக்கு விடட்டும். வரப்புக்கு மறுபக்கம் வழக்கமான உழவு நடக்கட்டும். விளைச்சல் குறைந்தால் அந்த அரை ஏக்கரின் வித்தியாசத்தை முதல் இரண்டாண்டு நிறுவனம் ஈடு செய்யட்டும். தனி உழவர் ஒருவர் தாங்க முடியாத இடர் இது, முந்நூறு பேர் சேர்ந்தால் சிறு தொகை.

பணத்தால் தீராத ஒன்றும் இருக்கிறது. அறுவடை முடிந்த புஞ்சை ஊர்ப் பொதுவான மேய்ச்சல் என்பது எழுதாத உரிமை. ஒருவர் மட்டும் கொள்ளு விதைத்துப் பாதுகாக்க முள்வேலி போட்டால் ஆட்டுக்காரரோடு சண்டை வரும், நியாயமும் ஆட்டுக்காரர் பக்கம்தான் பாதி இருக்கும். ஆட்டுக்கிடை போட வரும் கீதாரிகளை விரட்டினால் மண்ணுக்கு வரும் புழுக்கையையும் சேர்த்து விரட்டுவதாக ஆகும். எந்தப் புலங்களில் தை முதல் மாசிவரை ஆடு இறங்காது, எந்தப் புலங்களில் கிடை போடலாம், அடுத்த ஆண்டு அவை எப்படி மாறும் என்பதை அவர்களையும் உட்காரவைத்துப் பேசி முடிவு செய்ய வேண்டும். வேளாண் அலுவலரும் செய்ய முடியாத, ஆய்வு நிலையமும் செய்ய முடியாத அந்த வேலையைப் பங்கு போட்டு ஒன்றாகச் சேர்ந்திருக்கும் உங்களால்தான் செய்ய முடியும். மார்கழிக் கூட்டத்திலேயே அந்தப் பேச்சைத் தொடங்கினால்தான் தையில் விதைப்புக்கு இடம் இருக்கும்.

அன்புடன்,
மண் நலத்தில் அக்கறையுள்ள ஒரு கட்டுரையாளர்